லாஸ் வேகஸில் என்னென்ன பார்க்கலாம்? சூதாடாதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், மாநாட்டுக்காக வருகிறவர்கள் என்று பலரும் வேகஸ் கிளம்பும் முன் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. சூதாட்ட விதிகள் எதுவும் இதில் இல்லை. ஊர் சுற்றிப் பார்ப்பது பற்றி மட்டும்தான்.

நாங்கள் சூதாட மாட்டோம். அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் நேரத்தைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பகலில் பாலைவனம், ராத்திரியில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலை. இப்படி வைத்துக்கொண்டால் மூன்று நாள் போவதே தெரியாது. பெரும்பாலோர் பகலையும் ஸ்ட்ரிப்பிலேயே கழிக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்த ஹோட்டல்கள் வெறும் கான்கிரீட் கட்டடங்களாகத்தான் தெரியும். கால் வலித்து, காசு கரைந்து, இரண்டாம் நாளே ‘இவ்வளவுதானா வேகஸ்?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கிருந்து அரை மணி நேரம் காரில் போனால் சிவப்பு மலைகள். இன்னொரு பக்கம் முக்கால் மணி நேரம் போனால் உலகப் புகழ்பெற்ற ஓர் அணை. அவற்றைப் பார்க்காமல் திரும்புவதுதான் உண்மையான நஷ்டம்.

ஸ்ட்ரிப் என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரிய ஹோட்டல்கள் இருபுறமும் வரிசையாக நிற்கும், ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. இதில் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே வராது. பாரடைஸ் என்ற பகுதியில், கிளார்க் கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. 1905-இல் உருவான பழைய ஊர் வடக்கே, ஃப்ரீமான்ட் தெருவைச் சுற்றி இருக்கிறது. அதை டவுன்டவுன் என்பார்கள். ஹோட்டல் பதிவு செய்யும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காசு கொடுக்காமல் பார்க்க எதுவும் உண்டா?

உண்டு. சொல்லப்போனால் ஸ்ட்ரிப்பில் மிகச் சிறந்தவை இலவசமானவைதான்.

முதல் இடம் பெல்லாஜியோ ஹோட்டலின் நீரூற்றுகளுக்கு. எட்டு ஏக்கருக்கு மேல் பரந்த ஏரியில் ஆயிரத்துக்கும் அதிகமான குழாய்கள் பாட்டுக்கு ஏற்ப ஆடும். சில சமயம் தண்ணீர் 400 அடிக்கு மேல் எழும்பும். பெரிய பீய்ச்சல் வரும்போது பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கும். அழுத்தப்பட்ட காற்றால் தண்ணீரை ஒரே மூச்சில் மேலே தள்ளுவதால் வரும் சத்தம் அது. காற்று உங்கள் பக்கம் வீசினால் முகத்தில் சாரல் அடிக்கும். ராத்திரியில் கால் மணிக்கு ஒருமுறை நடக்கும். பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரு காட்சியை நடைபாதையில் தடுப்புச்சுவர் ஓரமாக நின்று பாருங்கள். அப்புறம் எதிரே பாரிஸ் ஹோட்டல் பக்கம் போய் இன்னொன்றைப் பாருங்கள். முழு ஏரியும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அங்கேயே ஹோட்டலுக்குள் போய் வரவேற்புக் கூடத்தில் தலையை நிமிர்த்துங்கள். டேல் சிஹுலி என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள் கூரை முழுக்கப் பரந்திருக்கும். ஒவ்வொன்றும் வாயால் ஊதிச் செய்தது. அதைத் தாண்டினால் உள்ளரங்கப் பூந்தோட்டம். ஆண்டுக்கு ஐந்து முறை முழுவதும் கலைத்துவிட்டுப் புதிதாக அமைக்கிறார்கள்; நான்கு பருவங்களுக்கு நான்கு, சீனப் புத்தாண்டுக்கு ஒன்று. கலைத்து அடுக்கும் நாட்களில் போனால் ஏமாற்றம்தான். தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெனிஷியன் ஹோட்டலுக்குள் செயற்கை வானமும் கால்வாயும் இருக்கின்றன. படகு ஏறத்தான் கட்டணம், கரையில் நடக்கக் கிடையாது. ஃபிளமிங்கோ ஹோட்டலின் பின்புறம் உயிருள்ள பூநாரைகள் இருக்கின்றன, குழந்தைகளுக்குப் பிடிக்கும். தெற்கு முனையில் ‘லாஸ் வேகஸுக்கு நல்வரவு’ என்ற புகழ்பெற்ற பலகை. 1959-இல் பெட்டி வில்லிஸ் என்ற பெண் வடிவமைத்தது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவே இல்லை, ஊருக்கே விட்டுவிட்டார். அதனால்தான் சாவிக்கொத்து முதல் டீ-ஷர்ட் வரை எல்லாவற்றிலும் அதைப் பார்க்கிறோம். படம் எடுக்க வரிசை நிற்கும். விடிகாலையில் போனால் கூட்டம் குறைவு.

ஸ்ஃபியர் என்கிற அந்த உருண்டைக் கட்டடம்? உள்ளே போக வேண்டுமா?

2023 செப்டம்பரில் திறந்தது. 366 அடி உயரம், 516 அடி அகலம். வெளித்தோல் முழுவதும் எல்இடி திரை. ஒரு நேரம் பூமிப்பந்து, ஒரு நேரம் இமைக்கும் கண். வெளியே நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. உள்ளே போக டிக்கெட் விலை அதிகம். பார்வை முழுவதையும் நிறைக்கும் திரை என்பதால் தலைசுற்றல் உள்ளவர்கள் யோசித்துவிட்டு வாங்குவது நல்லது. பணம் இடித்தால் வெளியே பார்ப்பதே போதும் என்பது என் கருத்து.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க எங்கே போகலாம்?

மூன்று வழிகள். ஹை ரோலர் ராட்டினம்: 550 அடி உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், மூடிய பெட்டி, ஆட்டமே தெரியாது. வயதானவர்களுக்கு இதுதான் ஏற்றது. பாரிஸ் ஹோட்டலின் ஐஃபில் கோபுரம்: அசலில் பாதி அளவு, நீரூற்றுகளை மேலிருந்து பார்க்கலாம். வடக்கே ஸ்ட்ராட் கோபுரம்: 1,149 அடி. உச்சியில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடும் விளையாட்டுகள் எல்லாம் உண்டு. எதில் ஏறினாலும் சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறுங்கள். மலைகளும் தெரியும், விளக்குகள் எரியத் தொடங்குவதும் தெரியும்.

பழைய ஊர்ப் பக்கம் போகத்தான் வேண்டுமா?

ஒரு மாலையாவது போங்கள். வேகஸுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்பதே அங்கே போனால்தான் புரியும்.

பாலைவனத்தின் நடுவில் ஊற்றுகள் இருந்த இடம் இது. நீராவி ரயிலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில் நிறுவனம் இங்கே நிறுத்தம் அமைத்து, 1905 மே 15-இல் மனைகளை ஏலம் விட்டது. ஊர் பிறந்தது அப்படித்தான். 1931-இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன: நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது, பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. பொருளாதாரம் சரிந்திருந்த அந்தப் பெருமந்த காலத்தில் வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். ஊரை வளர்த்த ஊற்றுகள் 1962-க்குள் வற்றிப்போயின. அந்த இடம் இப்போது ஸ்பிரிங்ஸ் பிரிசர்வ் என்ற அருங்காட்சியகமும் பாலைவனத் தோட்டமுமாக இருக்கிறது. கூட்டம் அதிகம் போகாத, அருமையான இடம்.

ஃப்ரீமான்ட் தெருவில் 1,375 அடி நீளத்துக்கு ஒளித்திரையையே கூரையாகப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரே இரைச்சல். அதே தெருவில் கோல்டன் நகெட் ஹோட்டலில் ஒரு தங்கக் கட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுமார் 27 கிலோ. 1980-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியால் கண்டெடுத்தது. உருக்கி வார்த்த தங்கமல்ல, மண்ணிலிருந்து அப்படியே வந்த கட்டி. ஓரங்கள் கரடுமுரடாக, குழிவிழுந்து இருக்கும். நகைக்கடைத் தங்கத்தையே பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிதாக இருக்கும். பார்ப்பது இலவசம்.

அருங்காட்சியகம் ஒன்றுதான் முடியும் என்றால் எது?

மாப் மியூசியம். ஊரின் கேசினோக்களைக் குற்றக் கும்பல்கள் எப்படிக் கையில் வைத்திருந்தன, அரசு எப்படி அவர்களை வெளியேற்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறது. கட்டடமே 1933-இல் திறந்த பழைய கூட்டாட்சி நீதிமன்றமும் தபால் நிலையமும்தான். குற்றக் கும்பல்களைப் பற்றி செனட்டர் கெஃபாவர் குழு 1950 நவம்பரில் விசாரணை நடத்திய அதே அறையில் நீங்கள் போய் உட்காரலாம். ரத்தம் தெறிக்கும் படங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்றுக்கு நேரம் இருந்தால் நியான் மியூசியம். இடித்த ஹோட்டல்களின் பெயர்ப்பலகைகளை வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு போங்கள், முன்பதிவு செய்துகொண்டு.

அணு அருங்காட்சியகத்தையும் சொல்லாமல் விட முடியாது. வேகஸிலிருந்து 105 கிலோமீட்டர் தொலைவில், 1951 முதல் 1992 வரை, 928 அணுகுண்டு சோதனைகள் நடந்தன. அவற்றில் 100 திறந்த வெளியில். விடியற்காலையில் காளான் மேகத்தைப் பார்க்க ஹோட்டல்கள் விருந்து வைத்த காலம் அது. குண்டுகளின் கதிர்வீச்சுத் தூசு, காற்று அடித்த திசையில் வாழ்ந்த மக்களுக்குப் புற்றுநோயாக வந்து சேர்ந்தது. இந்த ஊரின் கேளிக்கைக்குப் பக்கத்திலேயே இது நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு திரும்புவது நல்லது.

ரெட் ராக் கேன்யன் எப்படி? நடக்க முடியாதவர்களும் பார்க்கலாமா?

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே சுமார் அரை மணி நேரம். உள்ளே 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஒருவழிச் சாலை வளைந்து செல்கிறது. ஆங்காங்கே வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம். நடக்க முடியாதவர்கள் காரில் இருந்தபடியே முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம்.

முதல் நிறுத்தமான கேலிகோ ஹில்ஸில் சிவப்புப் பாறையில் கைவைத்துப் பாருங்கள். மணல் உதிர்ந்து விரலில் ஒட்டும். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மணல்மேடுகள் இருந்தன. அந்த மணல்தான் இறுகிப் பாறையாயிற்று. பாறையில் சாய்வாக ஓடும் மெல்லிய கோடுகள், அன்று காற்று மணலை அள்ளிப் போட்ட அடுக்குகள். சிவப்பு, மணலில் கலந்த இரும்பு துருப்பிடித்த நிறம்.

அப்புறம் நிமிர்ந்து மலை உச்சியைப் பாருங்கள். சிவப்புக்கு மேல் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை உட்கார்ந்திருக்கும். அது கடலடியில் உருவானது, கீழே இருக்கும் சிவப்பைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. மூத்தது அடியிலும் இளையது மேலேயும்தானே இருக்க வேண்டும்? நிலத்தட்டுகள் நெருக்கியதில் பழைய பாறை பிளந்து, புதியதன் மேல் ஏறிக்கொண்டது. இதைக் கீஸ்டோன் த்ரஸ்ட் என்கிறார்கள். நிறமே வேறுபடுவதால் கோடு கிழித்ததுபோல் தெரியும். புவியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

அக்டோபர் முதல் மே வரை பகல் 8 மணியிலிருந்து 5 மணி வரை உள்ளே போக, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் ஏராளம். போகும் வழியில்தான் சம்மர்லின் பகுதி. அங்கே ஓர் இந்துக் கோயில் இருக்கிறது. பெரியவர்கள் கூட வந்தால் இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம்.

ஹூவர் அணையில் என்ன விசேஷம்?

726 அடி உயரம், கொலராடோ ஆற்றின் குறுக்கே, நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவில். 1931-இல் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். கான்கிரீட்டை ஒரே பிண்டமாகக் கொட்டியிருந்தால் அது சூடு ஆற நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும், வெடிப்பும் விட்டிருக்கும். அதனால் கட்டம் கட்டமாக வார்த்து, உள்ளே மெல்லிய குழாய்களைப் பதித்து, குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு ஆற்றினார்கள். அந்தக் குழாய்களைப் பிறகு சிமென்ட் கலவை அடைத்து மூடினார்கள். இன்றும் அவை உள்ளேதான் இருக்கின்றன. வேலையில் இறந்தவர்கள் என்று அரசுக் கணக்கில் உள்ளவர்கள் 96 பேர்.

அணையின் மேல் நடப்பதற்குக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தத்தான். நெவாடா பக்கத்தில் ஆஸ்கர் ஹேன்சன் வடித்த சிறகு முளைத்த இரண்டு வெண்கல உருவங்கள் உட்கார்ந்திருக்கும். உடம்பெல்லாம் பச்சை பூத்து, கால்விரல்கள் மட்டும் பளபளவென்று மின்னும். தொட்டால் அதிர்ஷ்டம் என்று போகிற வருகிறவர்கள் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. அணைக்குள் இறங்கும் சுற்றுக்கு இடங்கள் குறைவு, காலையிலேயே போங்கள். 2010-இல் திறந்த பாலத்தின் நடைபாதையிலிருந்துதான் அணை முழுவதும் தெரியும். உயர பயம் உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

திரும்பும் வழியில் போல்டர் சிட்டியில் சாப்பிடுங்கள். அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். நெவாடாவிலேயே இருந்தும் அங்கே சூதாட்டத்துக்குத் தடை.

பாலைவனத்தில் இத்தனை நீரூற்றுகளா? தண்ணீர் வீணாகவில்லையா?

காவிரித் தண்ணீர்ச் செய்திகளோடு வளர்ந்த நமக்கு இது மனதை உறுத்தும் கேள்விதான். ஊரின் தண்ணீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலராடோ ஆற்றிலிருந்து, அணைக்குப் பின்னால் உள்ள மீட் ஏரி வழியாக வருகிறது. 2022 கோடையில் அந்த ஏரி, 1930-களில் நிரம்பத் தொடங்கிய பிறகு கண்டிராத அளவுக்கு வற்றியது. பழைய நீர்மட்டம் வரை பாறைகளில் படிந்த வெள்ளைப் பட்டையை அணை மேலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் நீரூற்றுகள் மேல் பழி போடுவது சரியல்ல. பெல்லாஜியோ ஏரிக்கு வருவது ஆற்று நீரல்ல, அந்த இடத்தில் முன்பிருந்த கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ச்சிய நிலத்தடி நீர். ஹோட்டல் அறைகளில் குளித்து, கழுவி வெளியேறும் நீரைச் சுத்திகரித்துத் திரும்ப மீட் ஏரிக்கே அனுப்புகிறார்கள். திரும்பாமல் போவது புல்வெளிகளுக்குப் பாய்ச்சும் நீர்தான். அலுவலகங்கள், சாலை நடுப்பகுதிகள் போன்ற இடங்களில் அழகுக்கு மட்டும் வளர்க்கும் புல்லுக்கு ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று 2021-இல் சட்டமே போட்டார்கள்.

வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யன் ஒரே நாளில் போய் வரலாமா?

எந்த கிராண்ட் கேன்யன் என்று முதலில் கேளுங்கள். சுற்றுலா விற்பவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை.

மேற்கு விளிம்பு இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அது தேசியப் பூங்கா அல்ல, ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காக்களுக்கான நுழைவு அட்டை அங்கே செல்லாது, தனி டிக்கெட். 2007-இல் திறந்த கண்ணாடி நடைபாதை அங்கேதான் இருக்கிறது. நாம் படங்களில் பார்த்து வியக்கும், அடுக்கடுக்காக விரியும் பள்ளத்தாக்கு தெற்கு விளிம்பு. வேகஸிலிருந்து 450 கிலோமீட்டர், ஒரு வழிக்கே நான்கரை மணி நேரம். ஒரே நாளில் போய்வந்தால் பேருந்து ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அங்கே ஒரு ராத்திரி தங்கி சூரிய உதயம் பார்க்க முடிந்தால் போங்கள். இல்லையென்றால் இந்த முறை ரெட் ராக்கும் அணையும் போதும்.

டெத் வேலி? வேலி ஆஃப் ஃபயர்?

இரண்டும் வேறு வேறு. வேலி ஆஃப் ஃபயர் வடகிழக்கே சுமார் ஒரு மணி நேரம், நெவாடாவின் மாநிலப் பூங்கா. தீப்பிடித்த நிறத்தில் பாறைகள். அவற்றில் பழங்குடியினர் கொத்திய ஓவியங்கள். டெத் வேலி கலிஃபோர்னியாவில், இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே பேட்வாட்டர் என்ற உப்புவெளி கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர். குளிர்காலத்தில் போக வேண்டிய இடம். கோடையில் குடும்பத்தோடு போகாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரி சாதாரணம். 2024 ஜூலை 7-இல் 48.9 டிகிரி தொட்டது. சென்னை வெயிலையே பார்த்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே வியர்வை தெரியாது, உடனே காய்ந்துவிடும். அதனால் உடம்பில் நீர் குறைவதே தெரியாமல் மயங்கி விழுவார்கள். தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருங்கள். கோடையில்தான் வர முடியும் என்றால் சார்லஸ்டன் மலைக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான். 3,632 மீட்டர் உயரச் சிகரம், பைன் மரக் காடு, ஊரைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். 21 வயதுக்குக் கீழே சூதாடவோ குடிக்கவோ முடியாது. ஆனால் கேசினோவின் நடைவழியில் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. பல ஹோட்டல்களில் உணவகத்துக்கும் லிஃப்ட்டுக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். சிகரெட் புகை இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் புகை இல்லாத பார்க் எம்ஜிஎம்மையோ, கேசினோவே இல்லாத வடாராவையோ பாருங்கள். பிள்ளைகளுக்கு சர்க்கஸ் சர்க்கஸ் ஹோட்டலின் உள்ளரங்க விளையாட்டுப் பூங்காவும், மாண்டலே பேயின் சுறாமீன் காட்சியகமும் பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நடைபாதையின் போக்கே மாறிவிடும். பெண்கள் படம் போட்ட சீட்டுகளை நீட்டுவார்கள். அதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

பணம் எங்கே எதிர்பாராமல் போகும்?

ரிசார்ட் ஃபீ. அறை வாடகைக்கு மேல் ஒவ்வொரு ராத்திரிக்கும் தனியாகக் கட்ட வேண்டியது. மொத்தத் தொகையைப் பார்த்தே ஹோட்டல்களை ஒப்பிடுங்கள். வண்டி நிறுத்தக் கட்டணம் அடுத்தது. வெள்ளி, சனியில் வாடகை ஏறும். ஜனவரி மின்னணுக் கண்காட்சி, நவம்பர் கார் பந்தயம் நடக்கும் வாரங்களைத் தவிருங்கள். வேடம் போட்டு நிற்பவர்களோடு படம் எடுத்தால் காசு கேட்பார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நடைமேம்பாலங்களில் நின்று படம் எடுக்காதீர்கள். 2024 முதல் அங்கே நிற்பதே சட்டப்படி குற்றம்.

பழைய பட்டியல்களில் எரிமலை இருக்கிறதே, எங்கே?

இல்லை. மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலையில் மூடப்பட்டது, எரிமலையும் அதோடு போய்விட்டது. டிராபிகானாவை அதே ஆண்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த ஊரில் எதையும் போவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்பா அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. எப்படிச் சமாளிப்பது?

ஸ்ட்ரிப்பில் பக்கத்து ஹோட்டல் என்று கண்ணுக்குத் தெரிவது நடந்தால் இருபது நிமிடம் ஆகும். கட்டடங்களின் அளவு கண்ணை ஏமாற்றிவிடும். டியூஸ் என்ற மாடிப் பேருந்து ஸ்ட்ரிப் முழுக்க நாள் முழுவதும் ஓடுகிறது, ஒரு நாள் பாஸ் மலிவு. கிழக்குப் பக்க ஹோட்டல்களுக்குப் பின்னால் மோனோரயில் இருக்கிறது. பெல்லாஜியோ, ஏரியா, பார்க் எம்ஜிஎம் மூன்றையும் இணைக்கும் இலவச டிராம் உண்டு. மாண்டலே பேயிலிருந்து எக்ஸ்காலிபர் வரை இன்னொன்று. சக்கர நாற்காலியும் மின் ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் ரெட் ராக்கைக் காரில் சுற்றிக் காட்டுங்கள், மதியம் அறையில் தூங்கட்டும், இருட்டியதும் டிராமில் அழைத்துப்போய் பெல்லாஜியோவில் விடுங்கள். நீரூற்று தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போனால் தடுப்புச்சுவரில் சாய்ந்து நிற்க இடம் கிடைக்கும்.